நனைந்த வேடிங் பூட்ஸ்: அடுப்பா, பேப்பரா, ஹேர் ட்ரையரா?

கேள்வி இதுதான். நண்பர்கள் நான்கு பேர் அமெரிக்காவின் ஐடஹோவில் ஹென்றிஸ் ஃபோர்க் ஆற்றில் இரண்டு நாள் ட்ரௌட் மீன் பிடித்திருக்கிறார்கள். அடுத்து மொன்டானா பக்கம் மேடிசன் ஆற்றுக்குப் போகவேண்டும். ராத்திரி கேபினில், ஆற்றுக்குள் இறங்கி நின்று மீன் பிடிக்கப் போடும் வேடிங் பூட்ஸ் நான்கு ஜோடி, எல்லாம் நனைந்தவை. ஒருவர் விறகடுப்பை ஒட்டி வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கச் சொல்கிறார். மூன்றாமவர் பேச்சே இல்லாமல் ஹேர் ட்ரையரை எடுத்துவிட்டார். நான்காமவர், "விடிஞ்சா மறுபடி தண்ணியிலதானே இறங்கப் போறோம், இதை ஏன்யா காய வைக்கணும்?" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இதில் யார் சொல்வது சரி?

முதல் மூவர் சொன்னதிலும் பயன் இருக்கிறது, ஆனால் மூவருமே அதைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார்கள். நான்காமவர் கேட்ட கேள்விதான் இருப்பதிலேயே முக்கியமானது. அவர் அதற்குக் கண்டுபிடித்த பதில்தான் ஆபத்தானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தண்ணீர்க் கணக்கு.

ஃபெல்ட் (அழுத்திய கம்பளி மாதிரியான தடித்த துணி) அடி வைத்த ஒரு ஜோடி பூட்ஸ் அரை லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை, உயரம் இரண்டரை மீட்டர். மொத்தம் 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பாதி இடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. மீதி இடம் கன மீட்டருக்கு எட்டரை கிராம், அறை முழுவதற்கும் சுமார் 260 கிராம். அதாவது கதவு, ஜன்னலை இறுக்கிச் சாத்திய அறையில் ஒரே ஒரு ஜோடிகூட முழுதாகக் காயாது. பாதி காய்வதற்குள் அறைக் காற்று ஈரத்தில் நிறைந்து, கண்ணாடியில் வியர்த்து வழிய ஆரம்பித்துவிடும். நான்கு ஜோடி என்றால் இரண்டு லிட்டர் தண்ணீர். "ராத்திரி முழுக்க அடுப்பு எரிஞ்சுது, காலையில பார்த்தா பூட்ஸ் அப்படியே சொதசொதன்னு இருக்கு" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஈரம் வெளியே போக வழி இல்லை.

மலையில் ராத்திரிக் காற்று குளிரானது. 5 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் ஏழு கிராம் நீராவிகூட நிற்காது. அந்தக் காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீரைக் குடிக்கத் தயாராக இருக்கும் காற்று அது. அதனால் அடுப்புக்காரர் சொன்னதில் உண்மை உண்டு: அடுப்பு எரியட்டும், ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். அடுப்பின் வேலை அறையைச் சூடாக்குவது. பூட்ஸ் அதற்குப் பக்கத்தில் போகவே கூடாது.

ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் இதில்தான் சண்டை சூடு பிடிக்கும். "எங்கப்பா முப்பது வருஷம் அடுப்புப் பக்கத்துலதான் வச்சார், ஒண்ணும் ஆகல" என்பார்கள். பழைய வேடிங் பூட்ஸ் தடித்த தோல், தைத்த அடி, அதில் அடித்த ஆணி. வெப்பத்தில் தோல் விறைக்கும், வெடிக்கும்; அடி மட்டும் கழன்று விழாது. இன்றைய பூட்ஸ் செயற்கைத் தோல், நைலான் வலை, நுரை ரப்பர் ஆகியவற்றால் ஆனது. அவற்றை அடியோடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பசை. 60 டிகிரியைத் தொட்டாலே அந்தப் பசை இளக ஆரம்பிக்கும். விறகடுப்பின் இரும்புச் சுவருக்கு அரை அடி தள்ளி வைத்த பொருள் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். அப்பா சொன்னது அப்பாவின் பூட்ஸுக்குச் சரி.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஈரமான பகுதி தானாகவே குளிர்ந்துகொள்ளும், ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்தப் பாதுகாப்பு பூட்ஸின் எல்லா இடத்துக்கும் கிடையாது. கால்விரல் முனையைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையைப் பாருங்கள். அதில் தண்ணீர் ஊறாது. அடுப்பின் வெப்பம் நேராக அதில் இறங்கி, பட்டைக்கு அடியில் உள்ள பசைக்குப் போகிறது. முனையில் ஒரு நகக்கண் அளவு வாய் பிளக்கும். உள்ளே, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் அடிப்பகுதி அப்போதும் சொதசொதப்பாகத்தான் இருக்கும். மறுநாள் அந்தப் பிளவுக்குள் மணல் புகும், நடக்க நடக்க அறுக்கும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் பட்டை முழுக்க உரிந்து வரும். பழி என்னவோ கம்பெனி மேல் விழும்.

இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். சந்தேகம் வந்தால், பூட்ஸின் முனை இருக்கும் இடத்தில் புறங்கையை அடுப்பைப் பார்த்து நீட்டி முப்பது எண்ணுங்கள். கை சுகமாக இருந்தால் பூட்ஸுக்கும் சுகம். கையை இழுக்கத் தோன்றினால் பூட்ஸையும் இழுக்கவேண்டும். தோல் பூட்ஸ் என்றால் இன்னும் தள்ளி. ஈரத் தோல் காய்ந்த தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும்.

ஹேர் ட்ரையர்காரரிடம் கருவி சரியானது, அழுத்திய பட்டன்தான் தவறு. சூட்டில் வைத்து மூக்கைப் பூட்ஸுக்குள் நுழைத்தால், ஒரே இடத்தில் பசையும் நுரையும் வெந்துவிடும். மற்ற இடமெல்லாம் ஈரமாகவே இருக்கும். குளிர்காற்றுப் பட்டன் இருந்தால் அதில் வைத்து, மூக்குக்கும் பூட்ஸ் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, பத்து நிமிடம் ஓட்டலாம். அதற்கு மேல் தேவை என்றால் சாதாரண மேசை ஃபேனே போதும். அதை மணிக்கணக்காக ஓட விட்டாலும் எதுவும் வெந்துபோகாது.

இனி பேப்பர்காரர். ஆவியாக்கி எடுப்பதைவிட உறிஞ்சி எடுப்பது எப்போதும் லாபம். அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மூன்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். கடையில் கிடைக்கும் குழாய் வகை பூட்ஸ் உலர்த்திகள் பலவும் 30 முதல் 40 வாட் வரைதான். 36 வாட் உலர்த்தி எட்டு மணி நேரம் ஓடினால் 0.29 யூனிட். துளி வெப்பம் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சூட்டை மட்டும் வைத்து அரை லிட்டரை ஆவியாக்க முடியாது. "ட்ரையர் வாங்கினேன், ஃபெல்ட் பூட்ஸ் ராத்திரியில காயவே மாட்டேங்குது, ஏமாத்திட்டான்" என்பவர்களுக்கு இதுவே பதில். உலர்த்தி ஏமாற்றவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அதன்மேல் கவிழ்த்ததுதான் தப்பு. முதலில் பாதித் தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டால் மீதியை அதே உலர்த்தி விடிவதற்குள் முடித்துவிடும்.

பேப்பரில் பலரும் செய்யும் பிழை, திணித்துவிட்டுத் தூங்கிவிடுவது. பேப்பர் முதல் அரை மணியில் வேகமாகக் குடிக்கும், பிறகு நிறைந்துவிடும். நிறைந்த பேப்பர் உள்ளேயே கிடந்தால் அதுவே ஈரத்துணி மாதிரி, பூட்ஸின் வாயை அடைத்துக்கொண்டு காற்றையும் தடுக்கும். காலையில் பார்த்தால் பேப்பர் கூழாக இருக்கும், அதை ஒட்டிய உள்துணியும் அதே ஈரத்தில் இருக்கும். அரை மணியில் முதல் மாற்று, ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது, தூங்கப் போகும்முன் அதையும் உருவிவிட்டு வெறுமையாகக் காற்றில் விடவேண்டும். இறுக்கித் திணிக்க வேண்டாம். ஒரு தாளை நான்காகக் கிழித்துத் தளர்வாகக் கசக்கி, விரல் முனைக்கு முதல் உருண்டை போகட்டும். "இந்தக் காலத்துல யாருய்யா பேப்பர் வாங்குறான்?" என்று கேட்டால் மளிகைக் கடைக் காகிதப் பை இருக்கிறது. அதைவிட நல்லது குளியல் துண்டு. துண்டைச் சுருட்டி உள்ளே விட்டு, பூட்ஸின் பக்கங்களை வெளியிலிருந்து முழு பலத்தோடு அமுக்குங்கள். ஒரு நிமிடத்தில் பேப்பர் அரை மணியில் குடிப்பதைத் துண்டு குடித்துவிடும். ஈரத்தையும் இழுக்கும் வகை வாக்குவம் கிளீனர் கையில் இருந்தால் துண்டும் வேண்டாம். குழாயை உள்துணி மேல் அழுத்தி ஓரம் ஓரமாக நகர்த்துங்கள், பூட்ஸ் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் போதும்.

அரிசியில் புதைக்கச் சொல்வோரும் உண்டு. அரிசி இந்த வேலைக்கு உதவாது. சிலிக்கா ஜெல் உண்மையாகவே உறிஞ்சும், ஆனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ ஜெல் வேண்டும். காய்ந்த பூட்ஸைப் பெட்டியில் வைக்கும்போது இரண்டு பொட்டலம் போட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

பூட்ஸில் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெளித் தோல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆள்காட்டி விரலை நாக்குக்கு அடியில், அது பூட்ஸோடு தைக்கப்பட்ட மடிப்பு வரை விடுங்கள். அங்கே குளுகுளு என்று இருக்கும். அதுதான் கடைசியாகக் காயும் இடம். ஒரு டிஷ்யூ காகிதத்தை அந்த மடிப்பில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து எடுத்தால், காகிதம் நிறம் மாறியிருக்கும். அடுத்தது கணுக்காலைச் சுற்றியுள்ள மெத்தை. அதை இரண்டு விரலால் கிள்ளிப் பிழிந்தால் நுரைக்குள்ளிருந்து துளி எட்டிப் பார்க்கும். பிறகு இன்சோலுக்கு, அதாவது உள்ளே பாதத்துக்கு அடியில் போடும் மெத்தைத் தட்டுக்கு, அடிப்பகுதி. இன்சோலைக் கழற்றாமல் காய வைப்பது ஈரத்தை மூடி போட்டுப் பாதுகாப்பது மாதிரிதான். லேஸையும் முழுதாக உருவுங்கள். லேஸ் தானும் தண்ணீர் பிடித்திருக்கும், நாக்கையும் மூடிப் பிடித்திருக்கும். உருவிவிட்டால் நாக்கை முன்னால் மடக்கி, அந்த மடிப்பைக் காற்றுக்குத் திறந்துவிடலாம். லேஸுக்குப் பதில் கம்பியும் திருகும் இருந்தால் திருகை முழுதாகத் தளர்த்தி, பல்லுக்குள் மாட்டிய மணலைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடவேண்டும்.

ஃபெல்ட் அடி தனி விவகாரம். அதன் மேல்பக்கம் பசையால் மூடியிருக்கிறது. காற்று படக்கூடியது கீழ்ப்பக்கமும் ஓரமும் மட்டும். அந்தக் கீழ்ப்பக்கத்தையும் தரையில் அழுத்தி நிற்க வைத்தால் எங்கிருந்து காயும்? ஃபெல்ட் பூட்ஸைக் குப்புறக் கவிழ்த்து, அடி வானத்தைப் பார்க்க, வாய் சாய்வாகக் கீழே இருக்கும்படி கம்பித் தட்டில் வையுங்கள். கீழே வடியும் தண்ணீர் வடியட்டும், மேலே ஃபேன் காற்று அடியைத் தடவட்டும். ரப்பர் அடி என்றால் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாலும் போதும். நல்ல காற்றோட்டத்தில் ரப்பர் அடி பூட்ஸ் ஒரு ராத்திரியும் அடுத்த நாள் காலையும் எடுக்கும். ஃபெல்ட் ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள்.

காய்ந்ததா என்று தீர்மானிக்கத் தராசைவிட நம்பகமான சாட்சி இல்லை. வாங்கிய அன்றே, நனைவதற்கு முன், சமையலறைத் தராசில் ஒவ்வொரு பூட்ஸையும் நிறுத்து, எடையை நாக்கின் உள்பக்கம் அழியாத மையால் எழுதி வையுங்கள். லேஸும் இன்சோலும் இல்லாத எடை. பிறகு எப்போது காய வைத்தாலும் அந்த எண்ணுக்குப் பத்து கிராம் பக்கத்தில் வந்தால் காய்ந்துவிட்டது. "தொட்டுப் பார்த்தேன், காஞ்சிருச்சு" "இல்ல, உள்ள ஈரம்" என்ற வாக்குவாதம் அதோடு முடிந்துவிடும்.

உலர்த்தி வாங்க மனமில்லாதவர்கள் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் செய்துகொள்ளலாம். பக்கத்தில் 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன், அதற்கு 12 வோல்ட் அடாப்டர். மூடியில் இரண்டு ஓட்டை, அதில் ஓர் அடி நீளமுள்ள இரண்டு அங்குல பிவிசி குழாய். குழாயின் மேல் முனையைச் சாய்வாக அறுக்கவேண்டும். நேராக அறுத்தால் குழாய் வாய் பூட்ஸின் அடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும், காற்றே வராது. முனைக்குக் கீழே அரை அங்குல ஓட்டை நாலைந்து போட்டால் கணுக்கால் மெத்தைக்கும் காற்று போகும். பெட்டிக்குள் வெப்பக் கம்பியோ பல்போ போடாதீர்கள். ஃபேன் நின்றுபோன ராத்திரியில் அது பெட்டியையே உருக்கும்.

இப்போது போர்வைக்குள் போன நண்பர். நாளைக்கும் அதே ஆற்றில், அதே இடத்தில் இறங்குவதானால் அவர் சொல்வது நியாயம். தண்ணீரை வடித்து, துண்டால் ஒத்தி, வாயைத் திறந்து வைத்தால் போதும். ஆனால் நாளைக்குப் போவது மேடிசன். வேறு ஆறு. நேற்றைய ஆற்றின் தண்ணீரையும் சேற்றையும் பூட்ஸில் சுமந்துகொண்டு அங்கே இறங்கக் கூடாது.

நியூசிலாந்து மட் ஸ்னெயில் என்ற நத்தை முழு வளர்ச்சியில் மிளகு அளவு இருக்கும். குட்டி, மணலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத அளவு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1987இல் ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றில் முதலில் கண்டார்கள். ஹென்றிஸ் ஃபோர்க் அந்த ஆற்றில் போய்ச் சேரும் துணையாறுதான். 1994இல் மேடிசனிலும் அது தென்பட்டது. அங்கே இருப்பவை பெண் நத்தைகள், ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். ஒரே ஒரு நத்தை போதும், ஒரு புது ஓடையில் குடும்பம் தொடங்கிவிடும். அதன் ஓட்டுக்கு ஒரு மூடி உண்டு. வறண்டால் மூடியைச் சாத்திக்கொண்டு, ஈரம் இருக்கும் இடத்தில் நாள்கணக்கில் காத்திருக்கும். நாக்கின் மடிப்பில் விரல் விட்டபோது குளுகுளு என்று இருந்ததே, அந்த இடம் அதற்கு அரண்மனை. "மேடிசன்லதான் ஏற்கெனவே இருக்கே" என்று வாதாடலாம். அந்த ஆற்றில் எல்லா ஓடையிலும் இல்லை. நோய்க்கிருமியும் பாசியும் வேறு இருக்கின்றன. ட்ரௌட் குஞ்சுகளின் எலும்பைக் கோணலாக்கிச் சுற்றிச் சுற்றி நீந்த வைக்கும் ஒட்டுண்ணி நோய் சேற்றில்தான் குடியிருக்கிறது.

டிடிமோ என்ற பாசியின் கதையும் இதே. நியூசிலாந்தின் தென் தீவில் வையாவ் ஆற்றில் 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரக் கம்பளி மாதிரி ஆற்றுக் கற்களைப் போர்த்தும். அது ஃபெல்ட்டில் ஒட்டி ஆறு ஆறாகப் பரவக் கூடாது என்று 2008இல் அந்த நாடு ஃபெல்ட் அடியையே தடை செய்தது. அமெரிக்காவில் மேரிலாந்து 2011இலும், அலாஸ்கா 2012இலும், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2018இலும் தடை கொண்டுவந்தன. வெர்மான்ட் தடை போட்டுப் பிறகு எடுத்துவிட்டது. உங்கள் கூட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும்: மேடிசன் ஆறு பூங்காவுக்குள் தொடங்குகிறது. பூங்கா எல்லைக்குள் இறங்குவதானால் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தாலும் ஃபெல்ட் அடி கூடாது.

ஃபெல்ட் ஆட்களுக்கும் ரப்பர் ஆட்களுக்கும் நடக்கும் சண்டை இங்கே எட்டிப் பார்க்கும். "வழுக்கி மண்டை உடைஞ்சா நத்தையா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகும்?" என்பார் ஃபெல்ட்காரர். பாசி பிடித்த உருண்டைக் கல்லில் ஃபெல்ட்டின் பிடிப்பு நன்றாக இருக்கும், அதை மறுக்க முடியாது. ரப்பர் அடியில் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஸ்டட் என்ற சின்ன ஆணிகளைத் திருகினால் பெரும்பகுதி ஈடுகட்டலாம். ஆனால் ரப்பர் போட்டுவிட்டதால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். லேஸ், நாக்கு, மெத்தை, வேடர்ஸ் என்ற தண்ணீர் புகாத கால்சட்டையின் கணுக்கால் மடிப்பு எல்லாமே ரப்பர் பூட்ஸிலும் அப்படியே இருக்கின்றன. அடி மாறினால் நத்தை ஒளியும் இடத்தில் ஒன்று குறையும், அவ்வளவே.

காய வைப்பது மட்டும் இதற்குப் போதுமா என்றால், நாள் இருந்தால் போதும். நியூசிலாந்தில் டிடிமோவுக்குச் சொன்ன விதி: உள்ளும் புறமும் தொட்டால் காய்ந்திருக்கவேண்டும், அதற்கு மேல் இன்னும் 48 மணி நேரம் விடவேண்டும். அதாவது காய்ந்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஒரே ராத்திரியில் இது நடக்காது. அப்போது வெந்நீர்தான் வழி. தண்ணீர் உறிஞ்சாத பொருளுக்கு 45 டிகிரிக்கு மேல் இருக்கும் நீரில் 20 நிமிடம். ஃபெல்ட் மாதிரி உறிஞ்சும் பொருளுக்கு அதே சூட்டில் 40 நிமிடம், அல்லது பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் 5 சதவீதம் கலந்து 30 நிமிடம். பத்து லிட்டர் கரைசலில் அரை லிட்டர் சோப்பு இருக்கவேண்டும். உறிஞ்சாத பொருளுக்கு 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் போதும் என்றும் விதி உண்டு. ஆனால் மேலே சொன்ன பசையை நினைத்துப் பாருங்கள். பூட்ஸுக்கும் ஆற்றுக்கும் இரண்டுக்கும் ஒத்துவரும் சூடு 45 முதல் 50 வரை. சமையல் தெர்மாமீட்டரை வாளியில் விட்டு, ஆற ஆற வெந்நீர் ஊற்றி, மூடி போட்டு வையுங்கள். மட் ஸ்னெயிலுக்கு 49 டிகிரியில் பத்து நிமிடம் சொல்வார்கள். சோப்பை மட்டும் நம்பி அதை விரட்ட முடியாது, சூடுதான் வேலை செய்யும். பெரிய ஃப்ரீசர் இருந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம் உறைய வைத்தாலும் நத்தை சாகும். ப்ளீச் வேண்டாம். தையல் நூலும் பசையும் சீக்கிரம் கெடும், வாளியைக் கொட்டும் இடத்தில் ஆற்றுக்கும் கேடு.

அன்று ராத்திரிக்கு வரிசை இப்படி இருக்கட்டும். ஆற்றங்கரையிலேயே அந்த ஆற்றின் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வடிகால் ஓட்டைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் குத்தி எடுங்கள், மணல் அடைத்திருந்தால் பூட்ஸ் வடியவே வடியாது. ஓட்டையில்லாத பூட்ஸைக் குதிகால் கீழாகப் பத்து நிமிடம் நிற்க வைத்து, பிறகு கவிழ்த்து வடிக்கலாம். கேபினில் முதல் வேலை வெந்நீர் வாளி. பிறகு லேஸ், இன்சோல் வெளியே. துண்டால் அமுக்கு. பேப்பர் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மாற்று. கம்பித் தட்டில் கவிழ்த்து, ஃபேனைத் தரையில் வைத்துப் பூட்ஸ் வாய்களைப் பார்க்கத் திருப்பு. அடுப்பு அறையின் மறுகோடியில். ஜன்னல் இரண்டு விரல். காலையில் முழுதாகக் காய்ந்திருக்காது, அது பரவாயில்லை, நத்தைக்கும் பாசிக்கும் வெந்நீர் தன் வேலையை முடித்துவிட்டது. அடிக்கடி ஆறு மாறுபவர்கள் இரண்டாவது ஜோடி வைத்துக்கொள்வதுதான் உண்மையான தீர்வு. ஒரு ஜோடி காய்ந்து 48 மணி நேரம் தூங்கட்டும், மற்றது ஆற்றில் இருக்கட்டும்.

வழியில் காருக்குள் போட்டுவிட்டுப் போவது பற்றி: வெயிலில் நிறுத்திய மூடிய கார் விறகடுப்புக்குக் குறைந்ததல்ல. கண்ணாடிக்கு அடியில் கறுப்பு டாஷ்போர்டில் பூட்ஸ் வைக்கவே கூடாது. ஓடும் வண்டியில் கால்பக்கம் மிதமான சூட்டுக் காற்றை விட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நன்றாகக் காயும். நேர் வெயிலில் ஒரு மணி, ஒன்றரை மணி வைக்கலாம். நாள் முழுக்க வேண்டாம், நைலானும் தையல் நூலும் வெயிலில் வலுவிழக்கும். கூடாரத்தில், உறைபனி ராத்திரியில், காயாது என்று தெரிந்துவிட்டால் லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, வாயை அகலத் திறந்து வையுங்கள். மூடின நிலையில் உறைந்த பூட்ஸில் காலையில் கால் நுழையாது.

மழைக்காலத்து ஸ்காட்லாந்திலோ, நியூசிலாந்தின் மேற்குக் கரையிலோ, நீலகிரியிலும் நுவரெலியாவிலும் ட்ரௌட் தேடிப் போகிறவர்களுக்கு அடைமழை வாரத்திலோ கணக்கு மாறும். வெளிக்காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் வெறும் ஃபேன் ஈரக்காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அதே காற்றைப் பத்து டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 51 சதவீதத்துக்கு இறங்கும், உலர ஆரம்பிக்கும். அங்கே குறைந்த வாட் உலர்த்தி உண்மையாகவே உதவும். ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் இருந்தால் இன்னும் நல்லது, அப்போது மட்டும் ஜன்னலைச் சாத்தவேண்டும்.

கடலிலோ கழிமுகத்திலோ இறங்கிய பூட்ஸ் எவ்வளவு காய வைத்தாலும் பிசுபிசுவென்றே இருந்தால் காரணம் உப்பு. கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு, ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை மாற்றி இன்னொரு முறை அலசினால்தான் காயும். ஸ்டட்டின் இரும்புப் பகுதி துருப்பிடிப்பதும் இதோடு குறையும்.

வாடை வந்துவிட்டது என்றால் ஈரம் உள்ளே பல நாள் தங்கியிருக்கிறது என்று பொருள். வாசனைத் தெளிப்பான் அதை மூடி மறைக்கும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் என்சைம் உள்ள துணிக் கிளீனரைக் கலந்து ஊற வைத்து, நன்றாக அலசி, முழுதாகக் காய வையுங்கள். பிறகு பழைய சாக்ஸில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கட்டி உள்ளே போடலாம். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையிலோ மூடிய டப்பாவிலோ வேண்டாம். நடு அடியில் பாலியூரித்தேன் நுரை வைத்த பூட்ஸ், ஈரம் தங்கிய இடத்தில் சில வருடம் கிடந்தால் உள்ளுக்குள் சிதைந்து, முதல் நாள் நடந்தவுடன் பொரி மாதிரி உதிரும். அலமாரியின் மேல்தட்டில், லேஸ் இல்லாமல், நாக்கு வெளியே தொங்க, காற்று படும்படி வையுங்கள். இன்சோலைத் தனியாகப் பக்கத்தில் சாய்த்து வைக்கவேண்டும், உள்ளே போட வேண்டாம்.